மேலிருந்தா, கீழிருந்தா?

கேள்வி: ஒருவர் மலத்தை இன்னொருவர் குடலுக்குள் செலுத்தி வைத்தியம் பார்க்கிறார்களாமே! எந்த வழியாக அனுப்புவது நல்லது?

பதில்: சாப்பிட்டாயிற்றா? சரி, மேலே படியுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் காலியானதும், சி. டிஃபிசில் என்ற கிருமி குடிபுகுந்து பேதியாக்கும். விரட்டினாலும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். அதற்குத்தான் இந்த வைத்தியம். மூக்குவழிக் குழாய் உண்டு. அதில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து. எனிமா எளிது. ஆனாலும் உண்மையான போட்டி, கீழிருந்து பெருங்குடலுக்குள் குழாய் விடும் கொலோனாஸ்கோப்பிக்கும், மலத்தை அடைத்து வாய்வழி விழுங்கும் கேப்ஸ்யூலுக்கும்தான்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 116 நோயாளிகளை இந்த இரண்டு வழிக்கும் இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: 12 வாரம் கழித்து இரு அணியிலும் சுமார் 96 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. கேப்ஸ்யூல் அணிக்குச் செலவும் சங்கடமும் குறைவு. என்ன, ஒரே மூச்சில் 40 கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும்! (கடிக்காமல்.) அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற 'வௌஸ்ட்' என்ற கேப்ஸ்யூலில் மலத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா வித்துகள் மட்டும்தான்; நாளுக்கு 4 வீதம் 3 நாள் விழுங்கினால் போதும்.

என் ஓட்டு கேப்ஸ்யூலுக்கே. ஆனால் யூடியூப் பார்த்து வீட்டில் முயல வேண்டாம். மருந்துக்கு மசியாத கிருமி இருக்கிறதா என்று சோதிக்காத மலத்தை ஏற்றியதில் அமெரிக்காவில் ஒருவர் இறந்தே போனார். 2019-இல் அரசு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.