படம் நன்றாக வந்திருக்கிறது, ஆட்டம்தான் வரவில்லை

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், ஆட்டத்தைப் பதிவு செய்ய எந்தக் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி எழுதும் முறை, நல்லது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவருக்கு அன்று வேறு வேலை இருக்கக் கூடாது. ஒருவர், ஒரு புள்ளிகூடச் சேதாரமில்லாத லாஸ்லெஸ் தவிர மற்றதெல்லாம் பாவம் என்பார். இன்னொருவர் எக்ஸ்264ஐ ‘ஸ்லோ’வில் வைக்காதவன் ரசனை கெட்டவன் என்பார். மூன்றாமவர், ஏவி1 வந்த பிறகும் இதையெல்லாம் பேசுகிறீர்களே என்று தலையில் அடித்துக்கொள்வார். மூவரும் படத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். என் கட்சி வேறு. ஆட்டத்தைக் கெடுக்காமல் இருப்பதுதான் பதிவுக் கோடெக்குக்கு முதல் தகுதி. திக்கித் திணறி ஓடிய ஆட்டத்தைத் துல்லியமாகப் பதிந்தால், அந்தத் திணறல்தான் துல்லியமாகத் தெரியும்.

கோடெக்கே வேண்டாம், வருவதை அப்படியே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கும் அப்பாவிகளும் உண்டு. அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 60 ஃப்ரேம். பெருக்கினால் நொடிக்கு சுமார் 373 எம்பி. ஒரு டிபி டிஸ்க் முக்கால் மணி நேரத்துக்குள் வயிறு முட்டிப் போகும். ரோல் பிளேயிங் கேம்களில் கதாபாத்திரத்தின் மூக்கின் நீளத்தைச் சரிசெய்யவே பலருக்கு அவ்வளவு நேரம் ஆகிறது; கதை தொடங்குவதற்குள் டிஸ்க் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதன் ஆயுதம் ஃப்ராப்ஸ் என்ற பதிவு மென்பொருள். திரையின் மூலையில் மஞ்சள் நிறத்தில், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று காட்டும் ஓர் எண் ஓடும். பதிவு தொடங்கியதும் அது சிவப்பாகும். பணம் கட்டாதவர்களுக்கு 30 நொடிதான் பதிவு, அதுவும் படத்தின் உச்சியில் ஃப்ராப்ஸின் இணைய முகவரியோடு. அதன் சொந்தக் கோடெக் சிபியுவை அதிகம் தொந்தரவு செய்யாது. லேசாகச் சுருக்கிவிட்டு மிச்சப் பாரத்தை டிஸ்க்கின் தலையில் இறக்கும். அதனால் கேம் ஒரு டிஸ்க்கிலும் பதிவு இன்னொரு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வேதவாக்கு. 4 ஜிபி சேர்ந்ததும் கோப்பை வெட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்கும்; அன்றைய ஃபேட்32 டிஸ்க்குகளில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளர முடியாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 30 ஃப்ரேமில் பதிவு செய்யச் சொன்னால், ஃப்ராப்ஸ் ஆட்டத்தையும் சேர்த்து 30 ஃப்ரேமுக்கு இழுத்துப் பிடித்துவிடும் என்பதுதான் வேடிக்கை. பதிவு நிஜத்தைப் போல இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே நிஜமே பதிவைப் போல ஆகிவிட்டது.

ஃப்ராப்ஸ் டிஸ்க்கைப் பிழிந்தது என்றால், எச்.264 கோடெக்கில் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருள் சிபியுவைப் பிழிகிறது. அதற்கு ‘அல்ட்ராஃபாஸ்ட்’ தொடங்கி ‘வெரிஸ்லோ’ வரை வேகப் படிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசிப் படியின் பெயர் ‘பிளசிபோ’, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை. இதற்கு மேல் காத்திருப்பது மனத் திருப்திக்கு மட்டுமே என்று எழுதியவர்களே பெயரில் அறிவித்துவிட்டார்கள். அப்படியும் அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். படி இறங்க இறங்கத் தரம் கூடுவது உண்மை. ஆனால் சினிமா படத்தை என்கோட் செய்கிறவருக்கு இரவு முழுக்க நேரம் இருக்கிறது. 60 ஃப்ரேமில் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லி நொடி. அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, கதவு திறந்ததா என்று கேம் கணக்குப் போட்டாக வேண்டும். அதே சிபியுவில் எக்ஸ்264ஐ ‘ஸ்லோ’வில் ஓட விடுவது, தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கும் பந்திக்கும் நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வீடியோக்காரரின் சேவை. கேசட் பிரமாதமாக இருக்கும். கல்யாணத்தைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி 2011, 2012 வாக்கிலேயே பிறந்துவிட்டது. இன்டெல் தன் சாண்டி பிரிட்ஜ் சிப்களில் குவிக் சிங்க்கை வைத்தது. என்விடியா கெப்ளர் கார்டுகளில் என்வென்க்கைக் கொண்டுவந்தது. ஏஎம்டியும் பின்தங்கவில்லை. என்கோட் செய்வதற்கென்றே தனியாக ஒரு சுற்று சிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. கேம் பயன்படுத்தும் கோர்களோடு அது சண்டைக்குப் போவதில்லை. முழுக்க இலவசம் என்று சொல்ல மாட்டேன், ஃப்ரேமைப் பிரதி எடுத்து அனுப்பச் சிறிது செலவு உண்டு. ஆனால் அது டீச்செலவு. எக்ஸ்264 ‘ஸ்லோ’ கேட்பது சீர்வரிசை.

இங்கே எக்ஸ்264 கட்சியினர் எழுந்து நிற்பார்கள். அதே பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு அதே அளவு பிட் செலவில், ஹார்டுவேர் என்கோடரைவிட எங்கள் படம் சுத்தம் என்பார்கள். நியாயமான வாதம்தான், பழைய கார்டுகளில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ‘அதே பிட்ரேட்டில்’ என்ற நிபந்தனை யாருக்கானது? நொடிக்கு 6 மெகாபிட்டுக்குள் அடக்கி நேரலை விடுகிறவருக்கு. சொந்த டிஸ்க்கில் எழுதுகிறவருக்கு அந்தப் பஞ்சம் எதற்கு? நொடிக்கு 40 மெகாபிட் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபிதான். இன்றைக்கு ஒரு கேமின் அப்டேட்டே அதைவிடப் பெரிதாக வருகிறது. அவ்வளவு தாராளமாகக் கொடுத்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, மூக்கைத் திரையில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி யூடியூப் பார்க்கிறவர் கமென்ட் போடுகிறவர் மட்டுமே.

பிட்ரேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் மாறாத பிட்ரேட்டில் பதிவு செய்துவிட்டுக் கோடெக்கைத் திட்டுகிறார்கள். எச்.264 படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய ஃப்ரேமில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. கிடைத்துவிட்டால் ‘அங்கிருந்து இங்கே நகர்ந்தது’ என்று குறித்துக்கொண்டு நடையைக் கட்டும். சுவரும் வானமும் அதற்கு வரப்பிரசாதம். அதன் ஜென்ம விரோதி புல். ‘தி விட்சர் 3’ போன்ற கேமில் குதிரையை வயல்வெளிக்குள் விரட்டினால், ஆயிரக்கணக்கான புல்தாள்கள் ஆளுக்கொரு பக்கம் ஆடும். எந்தக் கட்டமும் எங்கிருந்தும் வந்ததாகத் தெரியாது. மழை, பனி, வெடித்துச் சிதறும் தீப்பொறி எல்லாம் அதே ஜாதி. மாறாத பிட்ரேட்டோ, அசையாத மெனு திரைக்கும் இந்தப் புல்வெளிக்கும் ஒரே படியில் அளந்து போடும். மெனு தின்ன முடியாமல் மிச்சம் வைக்கும். புல்வெளி பட்டினியில் பச்சைக் கூழாகும். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் சிக்யூபி என்ற முறையைத் தேர்ந்தெடுத்து 20க்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். மெனுவுக்குக் கொஞ்சம், புல்லுக்கு நிறைய என்று அதுவே பார்த்துப் பரிமாறும். கோடெக்கை மாற்றுவதைவிட இந்த ஒரு மாற்றத்தால் கிடைக்கும் பலன் பெரிது.

லாஸ்லெஸ் கட்சிக்காரர்களின் வாதம், டிஸ்க் மலிந்துவிட்டதே என்பது. மலிந்தது உண்மை. ஆனால் சேதாரமில்லாமல் பாதியாகச் சுருக்கினாலும் நொடிக்கு 180 எம்பிக்கு மேல் எழுத வேண்டும். சுழலும் டிஸ்க் பலவற்றால் முடியாது. எழுதி என்ன செய்யப் போகிறோம்? யூடியூபில் ஏற்றப் போகிறோம். 1080 புள்ளி, 60 ஃப்ரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பதே நொடிக்கு 12 மெகாபிட், அதாவது ஒன்றரை எம்பி. எதை ஏற்றினாலும் தன் கையால் மறுபடி ஒருமுறை நசுக்கித்தான் காட்டும். அதற்காகத்தான் சிலர் 1080ஐ 1440 ஆகப் பெரிதாக்கி ஏற்றுகிறார்கள்; அந்த அளவுக்கு யூடியூப் விபி9 கோடெக்கையும் கூடுதல் பிட்டையும் ஒதுக்குகிறது. லாஸ்லெஸ் தவத்தைவிட இந்தக் குறுக்குவழி அதிகம் பலன் தரும்.

ஆனால் ஓரிடத்தில் லாஸ்லெஸ்காரர்கள் சொல்வதே சரி. பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இசட்எம்பிவி என்ற கோடெக்கில் பதிவு தொடங்கும். 320க்கு 200 புள்ளி, 256 நிறம். ‘டேஞ்சரஸ் டேவ்’ ஒரு திரையில் குதிக்கும்போது அவனைத் தவிர அநேகமாக எதுவும் மாறுவதில்லை. முந்தைய ஃப்ரேமோடு ஒப்பிட்டு, மாறியதை மட்டும் ஸிப் போலச் சுருக்கி வைக்கிறது இசட்எம்பிவி. கூர்மையான புள்ளி ஓரங்களை எச்.264 மழுப்பிவிடும், இது ஒரு புள்ளியைக்கூட விடாது, கோப்பும் சின்னது, சிபியுவுக்கும் வலிக்காது. ஆட்டத்தின் குணம் பார்த்துச் செய்த கோடெக் இது.

அந்த மூன்றாமவர் சொன்ன ஏவி1 திறமைசாலிதான். 2018இல் வந்தது, 2022இலிருந்து கிராபிக்ஸ் கார்டுகளே அதை என்கோட் செய்கின்றன. குறைந்த பிட்டில் நேரலை விடுகிறவர்களுக்கு வரம். நம் டிஸ்க்கில் பிட்டுக்குப் பஞ்சமில்லாததால் அதன் சாமர்த்தியத்துக்கு இங்கே வேலை குறைவு. பழைய கம்ப்யூட்டரில் எடிட் செய்ய உட்கார்ந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் அது பெருமூச்சு விடும். எச்.264இன் வாரிசான ஹெச்ஈவிசியின் காப்புரிமைச் சிக்கல்களைப் பேச ஒரு வக்கீலும் வேண்டும், எச்.264 எந்தப் பெட்டியிலும் ஓடும்.

கடைசியாக, சுருக்கிய படத்தைப் போட்டுவைக்கும் கோப்பு வடிவம், அதாவது உறை. சாதாரண எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால், இறுதி வில்லனை வீழ்த்திய மூன்று மணி நேரமும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், திறக்கத்தான் முடியாது. எம்கேவியில் அதுவரை எழுதியது பிழைக்கும். ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ஹைப்ரிட் எம்பி4 என்ற வழியும் இருக்கிறது. சில எடிட்டிங் மென்பொருள்கள் எம்கேவியைத் திறக்க மறுக்கும். அதற்கு ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவிலேயே ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுகிறது. தரம் துளியும் குறையாது.