ஹார்லிக்ஸ் எத்தனை ஸ்பூன்: தமிழ் அடுக்களையில் மால்ட் பொடியின் அளவீட்டியல்

குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று துல்லியமாக அளந்து வைத்த இனம் நாம். அப்படிப்பட்டவர்கள் ஒரு தம்ளர் பாலுக்கு ஹார்லிக்ஸ் எத்தனை ஸ்பூன் என்பதை மட்டும் இலக்கணிகளிடம் ஒப்படைக்காமல் அடுக்களையிலேயே விட்டுவிட்டோம். அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா, காம்ப்ளான் ஆகிய நான்கும் ஆய்வெல்லைக்குள் வருகின்றன. வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவு வராது. அதன் பக்தர்களோடு வாதாடும் திராணி இக்கட்டுரையாளருக்கு இல்லை.

முதலில் வரலாறு. இங்கிலாந்தில் பிறந்த ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் என்ற அண்ணன் தம்பி 1873இல் சிகாகோவில் கம்பெனி தொடங்கினார்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை, பால் இவற்றிலிருந்து தயாரித்த பொடிக்கு 1883இல் காப்புரிமை வாங்கினார்கள். 1930களில் பிரிட்டிஷ் விளம்பரங்கள் ‘இரவுப் பட்டினி’ என்று ஒரு வியாதியையே கண்டுபிடித்தன. படுக்கப் போகுமுன் ஒரு கோப்பை குடித்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றன. அதே பொடியைத்தான் நம்மூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கம் கலையக் கலக்கிக் கொடுக்கிறார்கள். இரண்டு தேசத்திலும் பலன் கிடைத்ததாகவே சாட்சியம். ஆகவே பலனைத் தீர்மானிப்பது பொடி அல்ல. தம்ளரை நீட்டிக்கொண்டு தலைமாட்டில் நிற்பவர் யார் என்பதே.

பிராண்டு ஒப்பீட்டில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. காய்ச்சலில் விழுந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஹார்லிக்ஸ். கபில்தேவும் பிறகு சச்சினும் சொன்னதை நம்பி கிரிக்கெட் மட்டை தூக்குபவனுக்கு பூஸ்ட். பக்கத்து வீட்டுப் பையன் வளர்ந்துவிட்டால் காம்ப்ளான். பாலென்றாலே முகம் சுளிப்பவனுக்கு போர்ன்விட்டா. ஒரே அலமாரியில் இரண்டு பிராண்டு இருந்தால் அது வசதியின் அடையாளம் அல்ல, அண்ணன் தம்பிச் சண்டையின் அடையாளம். உயரம் வளரும், புத்தி கூர்மையாகும் என்று நம் பக்கத்து நாடுகளுக்காக எடுத்த ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று தவறிப்போய் பிரிட்டனில் ஒளிபரப்பாகிவிட, 2008இல் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் ஆதாரம் போதாது என்று தடுத்துவிட்டது. பாவம், ஆணையத்துக்கு நம் பக்கத்து வீட்டுப் பையனைத் தெரியாது.

அளவுக்கு வருவோம், பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஹார்லிக்ஸ் டப்பாவின் முதுகில் 27 கிராம், அதாவது குவித்த மூன்று ஸ்பூன் என்று அச்சிட்டிருக்கிறது. எந்தக் குடும்பமும் அதைப் படித்து நடந்ததாகத் தெரியவில்லை. நடைமுறையில் ஸ்பூன் என்பது ஓர் உறவுமுறை. பரீட்சை ஸ்பூன் கோபுரமாக எழும்பும்; சிந்தாமல் இருக்க அம்மா இடது கையை அடியில் ஏந்திக்கொண்டே தம்ளருக்குக் கொண்டுபோவாள். விருந்தாளி ஸ்பூன் டப்பாவின் விளிம்பில் இரண்டு தட்டு வாங்கும். கோபுரம் சரிந்து பொடி டப்பாவுக்குள்ளேயே விழ, ஸ்பூனின் குழியில் மிஞ்சுவது மட்டும் விருந்தாளிக்கு. மாதக் கடைசி ஸ்பூனுக்கு மூன்றாவது தட்டும் உண்டு. மாமியார் ஸ்பூன் தனி வகை. களப்பணியில் பதிவான உரையாடல் ஒன்று:

“என்னம்மா இது, பால் வெள்ளையாவே இருக்கு?”

“உங்களுக்கு சுகர் இருக்குல்ல அத்தை. டாக்டர் குறைக்கச் சொன்னாரே.”

“அவர் சர்க்கரையைத்தானே சொன்னாரு. ஹார்லிக்ஸையா சொன்னாரு?”

இதை அறியாமை என்று தள்ளுவது ஆய்வு நெறியாகாது. அத்தை எழுப்பியது ஒரு வகைப்பாட்டுச் சிக்கல். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையே இல்லை என்று சுட்டிக்காட்டிய மத்திய வர்த்தக அமைச்சகம், 2024 ஏப்ரலில்தான் போர்ன்விட்டா உள்ளிட்டவற்றை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கும்படி இணைய அங்காடிகளுக்குச் சொன்னது. அந்த மாதமே ஹார்லிக்ஸும் தன் ஆரோக்கியப் பட்டத்தைக் கழற்றிவிட்டு வேறொரு நீளமான பெயரை மாட்டிக்கொண்டது. உள்ளே இருக்கும் சர்க்கரை மட்டும் எந்த அறிவிப்பையும் படிக்கவில்லை.

பாலோ நீரோ சேராத உலர்முறை உட்கொள்ளலை ஹார்லிக்ஸ் விளம்பரமே ‘அப்படியே சாப்பிடுவேன்’ என்று அங்கீகரித்திருக்கிறது. இதில் அளவு கிடையாது. அம்மா கொல்லைப்புறத்தில் இருக்கும் நேரம்தான் உச்சவரம்பு. பொடி மேலண்ணத்தில் அப்பிக்கொள்வதால் பிடிபட்டவனுக்கு ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்ல வராது. இன்னொரு தடயமும் மிஞ்சும். மால்ட் பொடி காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி இறுகக்கூடியது. நக்கிய ஸ்பூனை மறுபடி உள்ளே விட்டால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழைக்குள் டப்பா முழுக்கக் கல்லாகிவிடும். அப்புறம் கத்தியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அளவு ஸ்பூனிலிருந்து கட்டிக்கு மாறிவிடும்.

இத்தனை அளவீடுகளுக்கும் அடங்காதது ஆஸ்பத்திரி பாட்டில். டிரோபிரியாண்ட் தீவுக்காரர்கள் சங்கு வளையையும் கழுத்துமாலையையும் தீவு தீவாகக் கைமாற்றிக்கொண்டே இருப்பதை மாலினோவ்ஸ்கி 1922இல் புத்தகமாக எழுதினார். அவர் மதுரைப் பக்கம் வந்திருந்தால் கடல் தாண்டும் செலவு மிச்சமாகியிருக்கும். குடல்வால் ஆபரேஷனுக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் போகிறவர் சாத்துக்குடியோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போகிறார். சாத்துக்குடி அங்கேயே தீர்ந்துவிடும். பாட்டில் தீராது. சீல் உடையாமல் அது சித்தி மகள் பிரசவத்துக்குப் போகும், அங்கிருந்து சம்பந்தி வீட்டு மூட்டுவலிக்குப் போகும். உட்கொண்ட அளவு சுழியம். ஆனால் அது போய்வந்த வீட்டிலெல்லாம் படுத்திருந்தவர்கள் எழுந்து நடமாடிவிட்டார்கள். இந்த முடிவை மறுபரிசோதனை செய்ய வாய்ப்பில்லாமல் போயிற்று. பாட்டில் நான்காம் வீட்டை எட்டியபோது மாப்பிள்ளை காலாவதித் தேதியைச் சத்தமாகப் படித்துவிட்டார். அதை முதலில் வாங்கியது யார் என்பதில் இரு வீட்டாருக்கும் இன்றுவரை கருத்தொற்றுமை ஏற்படவில்லை.