யோசனை சொல்லப் போற பேத்திக்கு

ஏளா, டெல்லியிலே யோசனை சொல்லுத ஆபீஸ்லே உனக்கு உத்தியோகம் கிடைச்சிருக்குன்னு உங்க ஆச்சி தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதா. யோசனைக்குச் சம்பளமான்னு எதிர்த்த வீட்டுக்காரி வாயைப் பொளந்துட்டா. எனக்கு வயித்தெரிச்சல்தான். இந்தத் திண்ணையிலே உக்காந்து நான் ஓசியிலே பாத்த வேலைக்கு உனக்கு மாசம் பொறந்தா பேங்கிலே பணம் விழப்போகுது. நல்லா இரு.

பின்னால நீயே ஒரு திங்க் டேங்க் ஆரம்பிச்சு டைரக்டர் ஆவப்போறியாமே. ஆவணும் தாயி. வழி சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொதல்ல பேரு. 'இந்தியா'ன்னு ஒண்ணும் 'மையம்'னு ஒண்ணும் அதிலே கட்டாயம் வேணும். ரெண்டு நாற்காலி போட்ட ரூமா இருந்தாலும் மையம்னு போர்டு மாட்டுனாத்தான் மதிப்பாவ. பிறவு எழுத்து. அறிக்கை இருநூறு பக்கத்துக்குக் குறையப்படாது, அட்டை வழவழன்னு இருக்கணும். மந்திரி பாக்கப்போறது முன்னால உள்ள ரெண்டு பக்கச் சுருக்கத்தை. அதையும் அவரு பி.ஏ. படிச்சுச் சொல்லுவாரு. மிச்சப் பக்கமெல்லாம் கனத்துக்கு. 'இதைச் செய்யுங்க'ன்னு மட்டும் எங்கேயும் எழுதிராத. 'பரிசீலிக்கலாம்'னு எழுது. நல்லபடியா முடிஞ்சா நான் அன்னைக்கே சொன்னேன்னு மார் தட்டிக்கிடலாம். கெட்டுப்போனா, பரிசீலிக்கத்தானே சொன்னேன்னு நழுவிக்கிடலாம். ஆட்சி மாறுத அன்னைக்கு ராத்திரி தூங்கப்படாது. பழைய கட்டுரையெல்லாம் எடுத்து, புதுசா வாரவுகளுக்கும் பொருந்துத வரி எதுன்னு பென்சில்லே கோடு போட்டு வச்சுக்கிடணும்.

கருத்தரங்கத்தைச் சாரல் சீசன்லே குற்றாலத்துலே வை. ஆளு தானா வரும். ஒரு சீசனுக்கு ஐந்தருவி ரோட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்லே நீர் மேலாண்மைக் கூட்டம் போட்டாவ. விவசாயி ஒருத்தரு வேணும்னு என்னையும் கார்லே ஏத்திட்டுப் போனாவ. ஜன்னலைத் தொறந்தா அருவி இரைச்சல்லே பேச்சு கேக்கலைன்னு அடைச்சுட்டு ஏசி போட்டாவ. மேசைக்கு மேசை பாட்டில் தண்ணி. எங்க சித்தாத்துத் தண்ணியைப் பத்திச் சாயங்காலம் வரைக்கும் பேசுனாவ. எனக்கு மூணு நிமிசம். 'எங்க கடைமடைக்குத் தண்ணி வரணும்னா'ன்னு நான் தொடங்கும்போதே ஒரு பிள்ளை எழுந்திரிச்சு, நேரம் முடிஞ்சுதுன்னு எழுதுன அட்டையைத் தூக்கிக் காட்டிட்டுது. சாப்பாட்டைக் குத்தம் சொன்னா நாக்கு அழுவிரும், பரோட்டாவும் நாட்டுக்கோழியும். போவும்போது கையெழுத்து வாங்கிட்டு ஒரு பை குடுத்தாவ. உங்க ஆச்சி இப்ப காய்கறி வாங்குத பை அதுதான். அறிக்கை வந்தப்ப உள்ள ஒரு வரி: 'பயனாளிகளின் பங்கேற்பு உறுதி செய்யப்பட்டது.' அந்தப் பங்கேற்பு உங்க தாத்தாதான்.

கிண்டல் பண்ணுதேன்னு மொறைக்காத. இந்தத் தொழிலை ஒழுங்காப் பாத்த மனுசரும் உண்டு. வேலூர்லே பொறந்த மால்கம் ஆதிசேசையான்னு ஒருத்தரு. 1948-லே யுனெஸ்கோவிலே சேந்து, 1963-லேருந்து 1970 வரைக்கும் அங்க துணைத் தலைமை இயக்குநரா இருந்தாரு. பாரிஸ்லே அம்புட்டுப் பெரிய நாற்காலியிலே இருந்தவரு, ஓய்வு வாங்கிட்டு மலையிலே ஒரு பங்களாவைப் பாத்துப் படுத்திருக்கலாம். மெட்ராஸ் வந்து, அவரும் வீட்டம்மா எலிசபெத்தும் சொந்தக் காசைப் போட்டு 1971-லே சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பிச்சாவ. அடையாறு காந்தி நகர்லே இன்னைக்கும் இருக்கு. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் 1977-லே பணத்தோட உள்ள வந்துச்சு. அதுக்கு முன்னாலேயே நிறுவனத்துக்குப் பேரு கிடைச்சாச்சு. துணைவேந்தர் பதவி, ராஜ்யசபா நியமன உறுப்பினர் பதவியெல்லாம் அவரைத் தேடி வந்துச்சு.

எல்லாருக்கும் யுனெஸ்கோ பென்சன் வருமா? வராது. உன்னைச் சொந்தக் காசு போடுன்னு நான் சொல்ல மாட்டேன்; உன்கிட்ட இருக்கது ஆச்சி போட்ட சங்கிலி ஒண்ணுதான். ஆனா ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு நடக்காத. கம்பெனி குடுத்தாலும் சரி, கச்சி குடுத்தாலும் சரி, வெளிநாட்டு அறக்கட்டளை குடுத்தாலும் சரி, யாரு காசுலே எழுதுனதுன்னு அட்டையிலேயே அச்சடி. பொடி எழுத்துலே கடைசிப் பக்கத்துலே போடுததுக்குப் பேரு ஒளிச்சு வைக்கிறது.

இன்னொண்ணு. நம்ம தென்காசிக் கோயிலைக் கட்டுன பராக்கிரம பாண்டியன் ராசா. அவரு கல்வெட்டுலே என்ன கேட்டாருன்னு தெரியுமா? பிற்காலத்துலே இந்தக் கோயில் பழுதுபட்டா எடுத்துக் கட்டப்போறவுக காலிலே இப்பவே விழுந்து கும்பிடுதேன்னு. பதினஞ்சாம் நூற்றாண்டுலே ஒரு ராசா, பொறக்காத ஆளு காலிலே விழுந்திருக்காரு. கோபுரம் பிளந்து மொட்டையா நின்ன காலமும் உண்டு. 1990-லேதான் திரும்ப எழும்பிச்சு. உங்க ஆளுக அறிக்கையிலே திட்டத்தை ஆரம்பிக்கிறதுக்கு அத்தியாயம் அத்தியாயமா இருக்கும். பத்து வருசம் கழிச்சு மடைப்பலகை உளுத்துப்போனா எவன் மாத்தணும், எந்தக் கணக்குலே மாத்தணும்னு ஒரு பாரா இருக்காது. நீ அதை எழுது. கைதட்டு கிடைக்காது. பரவாயில்ல.

அப்புறம், நீ பாடத்துலே படிச்சிருப்ப, 1916-லே அமெரிக்காவிலே புரூக்கிங்ஸ் தொடங்குச்சுன்னு. அதே வருசம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியிலே பொருளாதாரப் பேராசிரியரா இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவங்க கையிலே கேள்வித்தாளைக் குடுத்துக் கிராமத்துக்கு அனுப்புனாரு. எத்தனை வீடு, எத்தனை மாடு, யாருக்கு நிலம், யாருக்குக் கடன். 1918-லே புத்தகமா வந்துச்சு. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், நம்ம சீமையிலே கங்கைகொண்டான். முப்பதுகள்லே திரும்பப் போயி எண்ணுனாவ. எண்பதுகள்லே ஆதிசேசையா நிறுவனத்து ஆளுக போனாவ. மாநில நிதிச் செயலாளரா உக்காந்து ஆர்டர் போட்ட எஸ். குகனே அந்த வேலையிலே இறங்குனாரு. இருவேல்பட்டுக்கு 2008-லே இன்னொரு தடவை ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ்னு மூணு பேரு. அந்த ஜெயரஞ்சனைத்தான் 2021-லே மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுத் துணைத் தலைவரா போட்டாவ. நாற்காலிக்கு இப்படியும் ஒரு வழி இருக்கு பாத்துக்கோ. என்ன, கொஞ்சம் வெயில் படும்.

குற்றாலத்துலே உன் தலையிலே விழுந்த தண்ணி சித்தாறா ஓடி, கங்கைகொண்டானைத் தொட்டுட்டு, சீவலப்பேரியிலே தாமிரபரணியோட சேருது. அருவியிலே குளிச்சுட்டு டெல்லிக்கு ரயில் ஏறுதவுக யாரும் அந்தத் தண்ணி பின்னால நடந்து போனதில்ல. கங்கைகொண்டான்லே இப்ப சிப்காட் இருக்கு. டயர், கூல்டிரிங்ஸ், சோலார் தகடுன்னு ஆலைக இருக்கு. புள்ளிமான் சரணாலயமும் இருக்கு. எல்லாம் எவரோ எழுதுன கொள்கையிலே வந்ததுதான். 1916-லே கணக்குலே ஏறுன வீட்டுப் பேரப்பிள்ளைக அந்த ஆலையிலே உள்ள இருக்காவளா, வாசல்லே வாட்ச்மேனா நிக்காவளான்னு உன்னால சொல்ல முடியுமா? முடியாதுன்னா டைரக்டர் நாற்காலி கொஞ்சம் பொறுக்கட்டும்.

பொங்கலுக்கு வாரேல்லா? தென்காசியிலே நெல்லை பஸ் ஏறு. புது பஸ்ஸ்டாண்டிலே கோவில்பட்டி பஸ்ஸுக்கு மாறு. கங்கைகொண்டான்லே இறங்கி நாலு வீட்டுத் திண்ணையிலே உக்காரு. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் ஆனாலும் சரி, அவுக பேசி முடிக்கட்டும். யோசனையை அதுக்குப் பிறவு சொல்லு.