புத்தகக் கட்டுக்குள் கத்தி

கேள்வி: பணக்கார வீட்டுக்குள் நைசாக நுழைந்து குடியைக் கெடுக்கும் த்ரில்லர் எல்லாம் கொரியாவிலிருந்துதான் வரவேண்டுமா?
– வாசகர், சின்னசேலம்

பதில்: திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறுங்கள். ‘பாரசைட்’ வந்தது 2019-இல். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே பெரியபுராணத்தில் எழுதிவிட்டார்.

திருக்கோவிலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனாரிடம் போரில் தோற்றுச் சலித்த முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து அரண்மனைக்குள் போகிறான். எல்லா வாசலிலும் கும்பிடுதான். கடைசி வாசலில் காவலன் தத்தன் மட்டும், அரசர் தூங்குகிறார் என்று மறிக்கிறான். பலிக்கவில்லை. முத்தநாதன் எங்குமே கிடைக்காத ஆகமம் என்று புருடா விட்டு, அரசியையும் அப்புறப்படுத்துகிறான். மெய்ப்பொருள் நாயனார் குனிந்து வணங்கியதும், குத்து!

பாய்ந்து வந்து வாளை ஓங்கிய தத்தனைக் குத்துப்பட்டவரே தடுக்கிறார். கொலைகாரனைப் பத்திரமாக ஊர் எல்லையில் விட்டுவரச் சொல்லி, அந்தச் சேதி வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். இந்தக் கிளைமாக்ஸுக்கு எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்?