வென்ற ஆட்டம் ஏன் ஓடுவதில்லை? பதிவுக் கோப்புகளின் பிணியியல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

கணினியில் ஆடிய ஆட்டத்தைப் பதிவு செய்து வைப்பதும், அந்தக் கோப்பு மறுநாள் திறக்க மறுப்பதும், திறந்தால் ஊமையாக இருப்பதும், வாய் திறந்தால் படத்துக்குப் பிந்திப் பேசுவதும் விளையாட்டாளர் அனைவரும் அறிந்தவை. இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் இதுவரை யாரும் கேட்காதது. இக்கட்டுரை சோதிக்க எடுத்துக்கொண்ட கருதுகோள் இதுவே: ‘தோற்ற ஆட்டத்தின் பதிவு கெடுவதில்லை, கெடுவதெல்லாம் வென்ற ஆட்டத்தின் பதிவே.’

ஓபிஎஸ் போன்ற மென்பொருள்களால் கணினியில் பதிவான கோப்புகளே ஆய்வின் எல்லை. தோல்விக்குக் காரணம் மவுஸா, இணையமா, அணித்தோழனா என்னும் வினா மிகப் பழையது, இன்னும் தீராதது; ஆகவே அது விலக்கப்பட்டது.

முன்னாய்வுகள்

இத்துறையில் இரு பள்ளிகள் உண்டு. ‘கணினியை ஒருமுறை அணைத்துப் போடு’ என்பது முதற்பள்ளி. ‘எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது’ என்பது இரண்டாம் பள்ளி. வட்டில் எழுதி முடித்த கோப்பு, கணினி தூங்கி எழுந்ததால் குணமாகாது என்பதை முதற்பள்ளி கருதிப் பார்க்கவில்லை. இரண்டாம் பள்ளியை ஏளனம் செய்வோர் உளர்; அது பொருந்தாது. ஒரே கோப்பு ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் ஓடாவிட்டால், பிணி கோப்புக்கன்று, ஓட்டும் கருவிக்கே என்னும் அரிய உண்மை அதில் பொதிந்திருக்கிறது.

ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுத்திருக்கும் கோப்புகளில் பல இவ்வகையின. பதிவு எச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டிருக்கும், அதை விரிக்கும் நீட்சி அந்த விண்டோஸில் இருக்காது. பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த வி.எல்.சி., விரிப்பான்களைத் தன்னோடு சுமந்து திரிவதால் அதில் ஓடிவிடும். எனவே நோயறிதலின் முதல் விதி: வி.எல்.சி.யில் திறந்து பார்க்குமுன் எந்தக் கோப்புக்கும் மரணச் சான்று வழங்கலாகாது.

இயல் 1: திறவாமை

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போகிறது. திரும்பி வந்து பார்த்தால் பல ஜி.பி. எடையில் ஒரு எம்.பி.4 கோப்பு கிடக்கிறது. எடை இருக்கிறது, உயிர் இல்லை. எஃப்எஃப்எம்பெக் கருவியிடம் காட்டினால், ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லும்.

என்னை காரணம்? எம்.பி.4 கோப்பில் படமும் ஒலியும் ஒரு பகுதியிலும், அவை எங்கே தொடங்குகின்றன, எந்த நொடியில் எதைக் காட்ட வேண்டும் என்னும் அட்டவணை ‘மூவ்’ என்னும் வேறொரு பகுதியிலும் இருக்கும். வழக்கமான முறையில் அந்த அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நாள் முழுக்கச் சரக்கை இறக்கிவிட்டு, கடை சாத்தும்போது பேரேட்டை ஒரேயடியாக எழுதும் கணக்குப்பிள்ளையின் போக்கு இது. நடுவில் அவர் எழுந்து போய்விட்டால் கிடங்கில் சரக்கு இருக்கும். எது எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது.

எம்.கே.வி. அப்படியன்று, வரவர எழுதிக்கொண்டே போகும். பாதியில் நின்றாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். ஓபிஎஸ் இதை நன்கு அறியும், எம்.பி.4ஐத் தேர்ந்தால் அமைப்புப் பக்கத்திலேயே எச்சரிக்கும். எம்.கே.வி.யில் பதிந்து, பிறகு ‘ரீமக்ஸ்’ செய்து எம்.பி.4 ஆக்கிக்கொள்வதே நெடுநாள் வழக்கம். இதில் படமும் ஒலியும் மறுபடி சுருக்கப்படுவதில்லை. உறை மட்டும் மாறுவதால் தரம் குறையாது. 2024இல் வந்த 30.2ஆம் பதிப்பு, பாதியில் நின்றாலும் பிழைக்கும் கலப்பு எம்.பி.4 முறையையும் கொண்டுவந்தது.

இயல் 2: ஊமை

‘என் குரல் பதியவில்லை’ என்னும் புகாரில் இரு பிணிகள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. முதலாவது பொய் ஊமை. ஓபிஎஸ் ஒரு கோப்பில் ஆறு ஒலித்தடங்கள் வரை வைக்கும். விளையாட்டின் ஒலியை ஒன்றிலும் மைக்கை மற்றொன்றிலும் பிரித்துப் பதிவது எடிட்டிங்குக்கு வசதி. ஆனால் ஓட்டும் மென்பொருள்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு தடத்தையே ஒலிக்கும். இரண்டாம் தடத்தில் நாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம், கேட்க ஆளிராது. வி.எல்.சி.யின் ஆடியோ பட்டியலில் தடத்தை மாற்றினால் குரல் வந்துவிடும்.

இரண்டாவது மெய் ஊமை. ஹெட்செட்டை மாற்றியபின் ஓபிஎஸ் பழைய கருவியையே கேட்டுக்கொண்டிருந்தால், தடம் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. எடிட்டிங் மென்பொருளில் அலை கோடாகப் படுத்திருப்பதே இதன் அறிகுறி. பதியாததை மீட்கும் கருவி உலகில் இல்லை.

இயல் 3: பிந்தல்

துப்பாக்கி முதலில் மின்னி, எதிரி விழுந்து, அதன் பிறகு வெடிச்சத்தம் கேட்கும் பிணி இது. பார்வையாளர் இதை எப்போது உணர்வர் என்பதற்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் அளவு கொடுத்திருக்கிறது. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவர். பிந்தினால் 125 வரை உணரார். இந்த ஓரவஞ்சனைக்கு இயற்கையே பொறுப்பு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும் என்பதால், தொலைவில் வெடிப்பதைக் கண்டு பிறகு கேட்பதே நமக்குப் பழக்கம். கேட்டுவிட்டுக் காண்பது எந்த ஊரிலும் நடந்ததில்லை.

பிந்தலை மருத்துவம் செய்யுமுன் அதன் வகையை அறிய வேண்டும். கோப்பின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்றிடங்களில் நாடி பார்க்க. மூன்றிலும் பிந்தல் ஒரே அளவானால் அது நிலைப்பிந்தல். விண்டோஸில் ஓடும் வி.எல்.சி.யில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிநொடி வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும். எவ்வளவு நகர்த்தினால் பொருந்துகிறது என்று கண்டு, அதே அளவை எடிட்டிங்கில் வைத்தால் தீர்ந்தது. விசையை அழுத்தியதாலேயே கோப்பு திருந்திவிட்டதாக எண்ணுவோர் உளர். திருந்தியது அன்றைய காட்சி மட்டுமே.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகல் கூடினால், ஒலி பிந்தினாலும் முந்தினாலும், அது வளர்பிந்தல். இதற்கு மூலம் மூன்று. முதலாவது, சீரற்ற ஃப்ரேம் வேகம். கைபேசிகளும் சில பதிவு மென்பொருள்களும் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று உறுதி காட்டாமல், கிடைத்தபோது பதியும். எடிட்டிங் மென்பொருள் எல்லா நொடியும் ஒன்றே என நம்பி அடுக்கினால், படமும் ஒலியும் மெல்லப் பிரியும். ஹேண்ட்பிரேக் போன்ற கருவியில் மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றியபின் எடிட்டிங்கைத் தொடங்குவதே மருந்து.

இரண்டாவது, மாதிரி எண்ணிக்கை. நொடிக்கு 44,100 மாதிரிகளாக எடுத்த ஒலியை 48,000 என்று நினைத்து ஓட்டினால், ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிடம் 7.5 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் ஏறும். பேசியவர் வீரராக இருந்தாலும் கேட்பவருக்கு அணிலாகவே தோன்றுவார்.

மூன்றாவது, இரு கடிகாரங்கள். குரலைத் தனிக் கருவியில் பதிந்தால் அதன் படிகமும் கணினியின் படிகமும் அணுவளவு முரண்படும். முரண் பத்து லட்சத்தில் 50 பங்கானாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகிவிடும். பத்து நிமிட ஆட்டக்காரருக்கு இப்பிணி தெரியாது. மூன்று மணி நேரம் ஆடுபவரை இது விடாது.

இயல் 4: தீராப் பிணிகள்

புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தவுடன், பழைய முறைக் கருவிகள் இசைநிலையிலிருந்து தொலைபேசி நிலைக்கு இறங்கும். மாதிரி நொடிக்கு 16,000 அல்லது 8,000 ஆகும். அப்படிப் பதிந்த குரலுக்குக் கிணற்றடித் தன்மை நிலையானது. அதுபோல, நொடிக்கு 60 ஃப்ரேம் பதிய ஒவ்வொன்றுக்கும் 16.67 மில்லிநொடிதான் கிடைக்கும். அதற்குள் சுருக்க முடியாமல் கணினி திணறினால் ஓபிஎஸ் சில ஃப்ரேம்களை விட்டுவிடும். திக்கல் கோப்பிலேயே இருக்கிறதா, ஓட்டும் கணினியின் களைப்பா என்று அறிய, வி.எல்.சி.யில் ஈ விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துக. அசையும் காட்சியில் ஒரே படம் திரும்பத் திரும்ப வந்தால் துயரம் கோப்பினுடையது.

கருதுகோள் சோதனை

இனி, வென்றதே கெடுகிறது என்னும் கோட்பாடு. ஆய்வாளர் கவனிக்கத் தவறிய எளிய செய்தி ஒன்றுண்டு: தோற்ற ஆட்டத்தின் பதிவை யாரும் திறப்பதில்லை. திறக்காத கோப்பு கெட்டதா, நல்லதா என்று எவருக்கும் தெரியாது. பிணி எல்லாக் கோப்பிலும் இருந்திருக்கலாம். வென்றது மட்டுமே மருத்துவரிடம் வந்தது. ஆகவே கருதுகோள் தள்ளுபடி செய்யப்படுகிறது.

தள்ளும்போதே ஒரு பயனும் கிடைக்கிறது. கெட்ட கோப்பு ஒன்று கைக்கு வந்தால், அதே அமைப்பில் பதிந்த பழைய தோல்வி ஒன்றைத் திறந்து பார்க்க. அதிலும் அதே பிணி இருந்தால் குறை அமைப்பில். திருத்தாவிட்டால் அடுத்த வெற்றியும் போகும். அது நலமாக இருந்தால் குறை இந்த ஒரு கோப்பில் மட்டும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. அட்டவணை இழந்த எம்.பி.4ஐ மீட்க முயலும் ‘அன்ட்ரங்க்’ போன்ற கருவிகள், அதே கருவியில் அதே அமைப்பில் பதிந்த, முழுமையான வேறொரு கோப்பை மாதிரியாகக் கேட்கும். அதன் உள்ளமைப்பைப் பார்த்துத்தான் சிதைந்ததன் அட்டவணையைக் கட்டியெழுப்பும்.

பரிந்துரைகள்

ஆடுமுன் அரை நிமிடம் பதிந்து, நிறுத்தி, திறந்து, கேட்க. மருத்துவம் எப்போதும் நகலுக்கே, மூலத்தைத் தொடற்க. வட்டில் இடமில்லை என்று தோற்ற ஆட்டங்களை எல்லாம் அழித்துவிடாமல், அமைப்பு மாறும்போதெல்லாம் ஒன்றையாவது விட்டுவைக்க. தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று மேடைகளில் சொல்லிவந்தவர்கள் சான்று எதுவும் தந்ததில்லை. எம்.பி.4 கோப்புகளைப் பொறுத்தவரை அது இங்கே நிறுவப்பட்டது.