முக்கோண அக்கா

வெட்டுவதற்கென்றே துணி வாங்கி, வெட்டியதை மறுபடியும் ஒன்றாகத் தைத்து, அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டும் மனிதர் நெசவும் தையலும் மிகுந்த ஊர்களில் தெருவுக்கு ஒருவரேனும் இருப்பர். திருத்தணியில் அவ்வகையினரை முக்கோண அக்கா என்று குறிப்பது பொருந்தும், ஏனெனில் அக்கா என்பது தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சொல்லாதலால் இரு மொழியும் புழங்கும் அத்தெருக்களில் யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை. ஊரே ஓர் ஒட்டுத்தையல்தான். சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டபோது, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில சிற்றூர்கள் ஆந்திரப் பக்கம் போயின. இரு துணிகளை வெட்டித் துண்டு மாற்றிக்கொண்டு நடுவே ஒரு கோடு தைக்கும் கலை இவ்வூரில் வேரூன்றியதில் வியப்பு இல்லை.

பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வையைத் தெலுங்கில் ‘பொந்த’ என்பர். அதைத் தைத்த பாட்டிமார் எவரும் அளவுநாடாவைத் தேடியதில்லை. அக்கா அவ்வழியினர் அல்லர். அவருக்கு வேண்டியது அரைச்சதுர முக்கோணம், அதாவது இரு நிறத்து முக்கோணங்கள் நீண்ட ஓரத்தில் இணைந்து ஒரு சதுரமாக நிற்கும் அலகு. முக்கோணத்தை முதலில் வெட்டிப் பிறகு தைப்பது பேதைமை என்பது அவர் கொள்கை; அதற்குக் காரணமும் உண்டு. பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக வெட்டிய ஓரத்தை, தையற்கடைகளில் ‘கிராஸ்’ எனப்படுவதை, தொட்டாலே அது இழுபட்டுக் கோணலாகும். ஆகவே அவர் இரு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு வைத்து, மூலைவிட்டம் வரைந்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகே கோட்டின்மேல் வெட்டுகிறார். ஒரே வெட்டில் இரண்டு அலகுகள் கிடைக்கின்றன. அடுத்தடுத்த சதுர இணைகளை நூல் அறுக்காமலே ஊசிக்கு அடியில் செலுத்துவதால், மிஷினுக்குப் பின்னால் அவை மலையடிவாரத்துப் பூச்சரம்போல் தொங்கும்.

சதுரத்தை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பதில்தான் அக்காவின் புலமை வெளிப்படும். தைத்து முடிந்த அலகு 3 அங்குலம் இருக்கவேண்டுமானால், தையலில் மறையும் துணிக்காக ஏறத்தாழ 0.854 அங்குலம் கூட்டவேண்டும் என்கிறது வடிவியல். அளவுநாடாவில் அதற்குக் கோடு இல்லாமையால் 7/8 என்று கொள்வர். அக்கா அதை முக்காலே அரைக்கால் என்றே சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண் பேச்சுவாக்கில் முக்காலே மூணுவீசம் என்று வெட்டிவிட, 15/16 ஆகிய அது ஒரு வீசம் கூடுதல் என்று அக்கா அரைமணி நேரம் விளக்குவார். ஆனால் கூடுதலாக வெட்டித் தைத்து, பிறகு ஓரம் சீவிச் சரிசெய்வதே பிழைக்கு இடமில்லாத வழி என்பதால், அந்தப் பெண்ணின் போர்வைதான் கோணாமல் வரும்.

இரண்டில் நிறைவு கொள்ளாத அக்கா விரைவில் எட்டுக்குச் சென்றார். 7¾ அங்குலச் சதுரம் இரண்டை எடுத்து, இரு மூலைவிட்டங்களின் இருபுறமும் தைத்து, முதலில் நடுவே நெட்டாகவும் குறுக்காகவும், பின்னர் மூலைவிட்டங்களின் வழியாகவும் வெட்டினால் எட்டு அலகுகள் உதிரும். இங்கே ஏழே முக்காலுக்குப் பதிலாக ஏழரை என்று வெட்டிவிட்டால், ஒவ்வோர் அலகும் அரைக்கால் அங்குலம் குறைந்து, இருபது அலகுகள் கொண்ட வரிசை 2½ அங்குலம் குட்டையாகும். ஏழரையின் பலனைச் சோதிடர் சொல்லித்தான் அறியவேண்டும் என்பதில்லை.

இந்த எட்டு முறை கேட்கும் துணியோ எந்தத் தையற்கடைப் பிட்டுத்துணி மூட்டையிலும் கிடைக்காது. அங்கே இருப்பவை ரவிக்கைக் கழுத்து வெட்டிய பிறைகளும் அக்குள் வளைவுகளும்தாம். அவற்றில் ஏழே முக்கால் அங்குலச் சதுரம் தேடுவது வேப்பமரத்தில் மாம்பழம் தேடுவது. எனவே துண்டுத்துணியை வீணாக்காதிருக்கும் பொருட்டு அக்கா கடைக்குப் போய், 44 அங்குல அகலத்தில், நிறத்துக்கு 2 மீட்டர் புதுத்துணி வாங்கிவந்து துண்டாக்குகிறார். வெட்டியபின் எஞ்சும் ஓரங்கள் பழைய மூட்டைக்கே போய்ச் சேர்வதால், மூட்டை ஆண்டுதோறும் வளர்கிறது. அதைக் காட்டியே, இவ்வளவையும் எறிந்துவிட முடியுமா என்று வீட்டாரை மடக்குகிறார். வீட்டாரிடம் பதில் இல்லை.

முருகன் குடிகொண்ட ஊராதலால், போர்வையின் நடுவே அறுகோணச் சக்கரம் வைக்க ஒருமுறை முயன்றார். இரு முக்கோணங்கள் பின்னிய அவ்வடிவத்துக்கு 60 பாகைக் கோணம் தேவை. அரைச்சதுர முக்கோணத்தில் இருப்பவையோ 45, 45, 90. விளைந்தது எட்டுமுனை நட்சத்திரம். இரண்டு முனைகள் கூடுதலாகக் கிடைத்தன என்று அதையும் அவர் வரவிலேயே வைத்தார்.

இப்போது நடப்பது பெரிய வேலை. மலைக்குப் படி 365. டிசம்பர் 31 படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடுவதைப்போல், படிக்கொரு முக்கோண அலகு வைத்துப் போர்வை தைப்பதாக அக்கா நேர்ந்துகொண்டிருக்கிறார். எட்டெட்டாகத் தைப்பவருக்கு 45 சுற்றில் 360 சேர்ந்தது. 46ஆம் சுற்றில் 368 ஆகி மூன்று மிஞ்சியது. படியில்லாத அந்த மூன்றை எங்கே வைப்பது என்பதே இப்போது அவருடைய கவலை. ஆனால் 365ஐ முழு வரிசைகளாக அடுக்க 5க்கு 73 என்ற ஒரு வழிதான் உண்டு: அகலம் 15 அங்குலம், நீளம் 219 அங்குலம், அதாவது ஆறு கஜப் புடவையைவிட 3 அங்குலம் நீளம், மலைப்பாம்பு போர்த்திக்கொள்ளலாம். மிஞ்சிய மூன்றையும் சேர்த்தால் 16க்கு 23 என்று அமைந்து, அகலம் 4 அடியும் நீளம் 5¾ அடியும் வரும். அக்காவின் உயரம் ஐந்தேகால் அடி.