வாசலுக்கு வைத்தியம்

கேள்வி: பழைய வீட்டின் முன்வாசல் பாழாகிவிட்டது. தேக்குக் கதவை எறிந்துவிட்டு ஃபைபர் கதவும் கிரானைட் படியும் போடலாமா? (வாசகர், சுனாபட்டி, மும்பை)

பதில்: எறியுமுன் பழைய மரச்சாமான் வியாபாரியிடம் விலை கேளுங்கள். அவர் கண்ணில் தெரியும் பளபளப்பே பாதி பதில். 1898-இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் மனை பிரித்த மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பர்மா தேக்குக் கதவுகள் இன்றும் உழைக்கின்றன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில்! கெடுவது பெரும்பாலும் நிலைக்காலின் அடிதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். பிற்பாடு பூசிய சிமெண்ட் அதை அடைத்து மரத்துக்குள் தள்ளும். ஆக, குற்றவாளி சிமெண்ட், தண்டனை கதவுக்கு!

கறையான் அரித்திருக்குமே என்பீர்கள். தட்டிப் பாருங்கள், முழுக்கப் பொள்ளென்றால் மாற்றத்தான் வேண்டும். அடி மட்டும் என்றால், தச்சர் அதை அறுத்துப் புதுத் தேக்கை ஒட்டிவிடுவார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். எப்படியும் பில்டர் வீட்டையே இடித்துப் புதிதாகக் கட்டத்தானே போகிறார் என்றால், கதவைப் புதுவீட்டுக்கும் எடுத்துப் போகலாம். பளபள கிரானைட் படியோ, மழையில் விருந்தாளியைச் சாஷ்டாங்கமாக விழவைக்கும். மரம் காய்ந்தபின், நவம்பரில் தச்சரைக் கூப்பிடுங்கள்.